புண்ணியம் வேண்டாம், மூன்று மணி நேரம் கொடுங்கள்

வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருகிறார்கள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள். உட்கார்ந்ததும் "சுகர் எவ்வளவு இருக்கு? பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறாகளா? வெளிக்குப் போறாகளா?" என்று வரிசையாக விசாரிப்பார்கள். காபி குடிப்பார்கள். "ரொம்ப இளைச்சுட்டாகளே" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த மகளைவிட நல்லாப் பாத்துக்கிற தாயி, ஒனக்குப் பெரிய புண்ணியம்" என்பார்கள்.

கட்டிலில் இருப்பவரின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவள் ராத்திரி தூங்கினாளா என்றும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் கேட்காமலேயே ஒரு ஊரும் ஒரு நாடும் முதியவர்களைப் பேணுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. என் மனத்தாங்கல் முழுவதும் அதுதான்.

உடம்புக்கு ஒன்று என்றால் நாம் ஓடத்தான் செய்கிறோம். மூட்டு வலித்தால் எக்ஸ்ரே, நெஞ்சு அடைத்தால் ஈசிஜி, கண் மங்கினால் புரை ஆபரேஷன். மனசு சோர்ந்துபோனால் மட்டும் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், சமயத்தில் டாக்டரே சொல்கிறார். சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினாலும் அப்படித்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். "இன்னும் என்னை ஏன் வச்சிருக்கான் ஆண்டவன்" என்று தினமும் சொன்னாலும் அப்படித்தான். இருபது வயசுப் பிள்ளை இதையே சொன்னால் வீடே பதறுமே! எழுபத்தைந்து வயசுக்காரர் சொன்னால் மட்டும் ஏன் நம் காதில் ஏறுவதில்லை?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். விடிகாலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரை உரக்கப் படித்து, நாட்டு நடப்பை அலசுகிறவர். மனைவி இறந்த பிறகு கடைக்குப் போவது நின்றது. வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மகன் பொறுப்பானவர். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை என்று எதையும் விடவில்லை. எல்லாம் நார்மல். எல்லாம் நார்மல் என்று தெரிந்ததும் வீட்டில் அவருக்குப் 'பிடிவாதக்காரர்' என்று பெயர் வந்துவிட்டது. பேரன் டிவி போட்டால் கத்துகிறார், வேண்டுமென்றே சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று குற்றப் பட்டியல் நீண்டது. கடைசியில் ஒரு இளம் டாக்டர்தான் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, முன்னாடி உங்களுக்கு எது பிடிக்கும்? இப்ப அதைச் செய்யிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் அந்த நாற்காலியிலேயே உடைந்து அழுதுவிட்டார். அவருக்கு இருந்தது மனச்சோர்வு. வயசானவர்களுக்கு அது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. வயிற்று வலியாக, எரிச்சலாக, தூக்கமின்மையாக, மறதியாகக்கூட வருகிறது. மருந்து கொடுத்தால், பேச்சுத்துணை கொடுத்தால், சில வாரங்களில் தெளிவு தெரிய ஆரம்பிக்கும். குணப்படுத்தக்கூடிய ஒன்றை வயசின் தலையில் கட்டிவிட்டு அந்த மனுஷரை அத்தனை காலம் தவிக்க விட்டோமே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இது ஒரு தெருவின் கதை மட்டுமில்லை. நாடு முழுக்க முதியவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட 'லாசி' என்ற பெரிய ஆய்வின் முதல் சுற்று 2017-18இல் நடந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில், மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்டிருக்கிறது என்று சொன்னவர்கள் 0.8 சதவீதம். அதே ஆய்வில் முறையாகக் கேள்விகள் கேட்டு அளந்து பார்த்தபோது மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 8.3 சதவீதம். பத்துப் பேர் வாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஒருவருக்குத்தான் அது நோய் என்றே தெரிந்திருக்கிறது. மீதி ஒன்பது பேரும் 'வயசானா அப்படித்தான்' கணக்கில் போய்விட்டார்கள்.

மறதி நோயிலும் இதே கதைதான். அந்த ஆய்வோடு சேர்ந்து நடந்த இன்னொரு ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. 'பெரியவுகளுக்கு லேசா மறதி' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதற்குள் எத்தனை விஷயம் இருக்கிறது! தைராய்டு குறைந்திருந்தாலும், பி12 சத்து குறைந்திருந்தாலும், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டாலும் புத்தி மங்கும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால், சிறுநீரில் கிருமியா, சோடியம் இறங்கிவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். காது கேட்காமல் போனால் மனுஷர் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார். கவனிக்காமல் விட்ட காதுகேளாமை டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் பெரியவருக்குக் காது கேட்கவில்லை என்றால் என்ன நடக்கிறது? அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறோம்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் விஷயத்துக்கு வருகிறேன். அவள்தான் நான்.

என் மாமியாருக்கு டிமென்ஷியா. பகலெல்லாம் ஓரளவு அமைதியாக இருப்பார். வெயில் தாழ ஆரம்பித்ததும் கண்ணில் ஒரு பதற்றம் ஏறும். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். "மில்லு சங்கு ஊதிருச்சு. அவுக வர்ற நேரம். இன்னும் ஒலை வைக்கலையா?" மாமா மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. "மாமாதான் இல்லையே அத்தை" என்று சொன்னால், மாமா அன்றைக்குத்தான் செத்துப்போனது போல, அப்போதுதான் கேள்விப்பட்டவராக அழுவார். "வந்துருவாக" என்றால் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழுப்ப முடியாது. மறுத்துப் பேசாதீர்கள், அந்த நேரத்து மனசுக்குத் துணையாகப் பேசுங்கள் என்று இந்த நோயைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதனால், "மாமாவுக்கு இன்னைக்கு என்ன குழம்பு வைக்கணும் அத்தை?" என்று கேட்பேன். கருவாட்டுக் குழம்புக்குப் புளியை எந்தப் பதத்தில் கரைக்க வேண்டும், கத்தரிக்காயை எப்போது போட வேண்டும் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்வார். முகம் தெளிந்துவிடும். என் பெயர் மறந்துபோனவருக்குப் புளியின் பதம் மறக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் எவ்வளவு அருமையான மனுஷி என்று தோன்றும். ஆனால் இதையே தினமும், ஒவ்வொரு சாயங்காலமும், அலுப்புக் காட்டாமல் செய்ய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தாழ்ப்பாளைத் தட்டும்போது எழுந்து மறுபடியும் குழம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து கொழுந்தன் போன் பண்ணுவார். அஞ்சு நிமிஷம் அத்தை அழகாகப் பேசுவார். "நல்லாருக்கியாய்யா, பிள்ளைக படிக்குதுகளா, சாப்பிட்டியா?" எல்லாம் பழகிய வார்த்தைகள், நோய் கடைசியாகத்தான் அவற்றைத் தொடும். போனை வாங்கிப் பேசினால் எனக்குக் கிடைக்கும் பதில்: "மதினி, அம்மா எங்கிட்ட நல்லாத்தானே பேசுறாக. நீங்கதான் பெருசு பண்றீங்க." இன்னொரு நாள், சாப்பிட்டு அரைமணி ஆவதற்குள் அத்தை அவரிடம், "இவ சோறே போட மாட்டேங்கிறாய்யா" என்று சொல்லிவிட்டார். சாப்பிட்டது மறந்துபோவதும் அந்த நோயின் ஒரு கூறுதான். அத்தை மேல் எனக்குத் துளி வருத்தமில்லை. ஆனால் அதைக் கேட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த இரண்டு நாளில் ஒருத்தராவது பஸ் ஏறி வந்து ஒரு ராத்திரி அத்தையோடு படுத்துப் பார்த்திருக்கலாமே!

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. தூக்கம் போகிறது. முதுகு போகிறது. நமக்கே பிரஷர் மாத்திரை எழுதப்படுகிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் 'வர முடியாது' என்று சொல்லிச் சொல்லி, பிறகு கூப்பிடுவதே நின்றுபோகிறது. பார்த்த வேலையை விட்டவர்கள் உண்டு, பெரும்பாலும் பெண்கள்தான். கோபம் வருகிறது, கோபப்பட்டதற்காகக் குற்ற உணர்ச்சி வருகிறது. அமெரிக்காவில் ஸ்டீவன் ஸரிட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1980லேயே இந்தச் சுமையை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்துவிட்டார்கள். இன்றைக்கு அதில் 22 கேள்விகள். உனக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதா, உன் உடம்பு கெட்டதா, அவரோடு இருக்கும்போது கோபம் வருகிறதா என்றெல்லாம் விசாரிக்கிற கேள்விகள். பத்து நிமிஷத்தில் கேட்டு முடித்துவிடலாம். அத்தையைக் கூட்டிக்கொண்டு நான் ஏறி இறங்கிய எந்த ஆஸ்பத்திரியிலும் அதில் ஒன்றைக்கூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. "அட்டெண்டர் வெளியே இருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் வெறும் மருமகளின் புலம்பலைத் தாண்டிய ஒரு உண்மை இருக்கிறது. தூங்காதவள் ஊட்டும் சோறு அவசரமாகத்தான் ஊட்டப்படும். களைத்தவள் குரல் உயரும். குரல் உயர்ந்தால், என்ன ஏது என்று புரியாத அந்த மனசு மிரளும். மிரண்டால் ராத்திரி இன்னும் அதிகமாக எழுந்து நடக்கும். மறுபடி இவள் தூங்க முடியாது. இரண்டு பேர் மனசும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவருக்கு மட்டும் வைத்தியம் பார்க்க முடியாது. பார்த்துக்கொள்கிறவருக்கு ஓய்வு தருவதும் நோயாளிக்குத் தரும் மருந்துதான். அதை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

தமிழ்நாடு இதில் ஒன்றும் பின்தங்கிய இடமில்லை. அதனால்தான் ஆதங்கம் கூடுகிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978இல்; இந்தியாவுக்கே அது முன்னோடி. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு டிமென்ஷியா நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தனிச் சேவை நடத்துகிறது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மதுரையில் ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் தட்டப்படும் வீட்டிலிருந்து கிண்டி ரொம்பத் தூரம். எங்களுக்கு வேண்டியது ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லம். காலையில் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் கூட்டிவர முடிய வேண்டும். பிள்ளைகளுக்குத் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி வைக்கத் தெரிந்த மாநிலத்துக்கு இது தெரியாதா? 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயத்தை இன்னும் எத்தனை நாள் வீட்டு விஷயம் என்றே வைத்திருப்பது?

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. மனசார வாழ்த்துகிறேன். மாத்திரையோடு வாசல்வரை வந்துவிட்ட அந்தத் தங்கைகளிடம் இரண்டே கேள்விகளைக் கொடுத்தனுப்பக் கூடாதா? கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து கிடக்கிறதா? மனச்சோர்வை முதலில் சல்லடை போட உலகம் முழுக்க டாக்டர்கள் கேட்பதும் இந்த இரண்டைத்தான். பெரியவரிடம் ஒரு தடவை, கதவைத் திறந்துவிட்டவரிடம் ஒரு தடவை கேட்டால் போதும்.

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் என்று சொல்கிறது. நியாயம்தான். கைவிடாமல் வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? முதியோர் உதவித்தொகையை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். வீட்டோடு ஆள் வைத்தால் அது சில நாள் கூலிக்குக்கூடக் காணாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மாதம் 600 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனாலும் 'நீ செய்வதும் ஒரு வேலை' என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். இன்சூரன்ஸில் மனநோயையும் உடல்நோயைப் போலவே நடத்த வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு 2024இல் வந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். மறதி நோயாளிக்கு ஆகும் செலவோ பெரும்பாலும் வீட்டில்தான்: டயப்பர், ஆள் கூலி, பார்க்கிறவர் இழந்த சம்பளம்.

இருக்கிறவற்றையாவது தெரிந்து வைத்துக்கொள்வோம். 14416 என்பது 'டெலி மானஸ்' மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது; இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதியவருக்கு மட்டுமில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறவரும் கூப்பிடலாம். 14567 முதியோர் உதவி எண். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால், பெரியவர் சொன்னாலும் சரி, பார்த்துக்கொள்கிறவர் சொன்னாலும் சரி, 'சும்மா சொல்றாக' என்று விடாதீர்கள். அன்றைக்கே கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவரைப் பார்த்து முடித்ததும், கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேளுங்கள். பெரியவருக்கு முன்னால் எங்களால் எதையும் சொல்ல முடியாது. இந்த நோய் எப்படிப் போகும், எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். தெரியாமல் தவிப்பதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

உடன்பிறந்தவர்களிடம், சொந்தபந்தங்களிடம் இன்னும் உரிமையாகக் கேட்கிறேன். யோசனை சொல்லாதீர்கள், வல்லாரை, பாதாம், யோகா எல்லாம் கேட்டாகிவிட்டது. பணம் அனுப்புகிறவர்கள் அதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வருஷத்தில் ஒரு மாதமாவது உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் அம்மா குழம்புவார் என்றால் நீங்கள் இங்கே வந்து இருங்கள். யார் எந்த ராத்திரி, யார் ஆஸ்பத்திரி, யார் பேங்க் என்று உட்கார்ந்து பேசி, எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். பழைய மதுரையை, பழைய மில்லை, பழைய குழம்பைக் கேளுங்கள். 'நான் யாரு சொல்லுங்க பாப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு வீடு தெரிந்திருக்கும். அண்ணன் வீடோ, சித்தி வீடோ, எதிர் வீடோ. இந்த வாரமே போன் போடுங்கள். பார்த்துக்கொள்கிறவரை முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள். "சனிக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் நான் வந்து இருக்கேன், நீங்க வெளிய போயிட்டு வாங்க. படுத்துத் தூங்குறதா இருந்தாலும் சரி" என்று சொல்லுங்கள். அவர் "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றுதான் சொல்வார். எங்களுக்கு வாய் பழகிவிட்டது. அதை நம்பாதீர்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.